லித்தியம் என்றால் எந்த லித்தியம்? வாசகர் கேள்வி – பதில்

மின்சார வண்டி பேட்டரி பற்றிய கேள்விகள் சேர்ந்துகொண்டே போனதால் இந்த முறை பகுதி முழுக்க அதற்கே. பெயர் போட வேண்டாம் என்று சிலர் கேட்டிருந்தார்கள், அதனால் எல்லோருக்குமே ஊர் மட்டும். கீழே அடிக்கடி வரும் எல்எஃப்பி, என்எம்சி இரண்டும் லித்தியம் பேட்டரியின் இரண்டு ரகங்கள்.

என்னுடையது 48 வோல்ட் லோ ஸ்பீடு ஸ்கூட்டர். நான்கு லெட் ஆசிட் பேட்டரி. ஒன்றரை வருடத்தில் மைலேஜ் பாதியாகிவிட்டது. மெக்கானிக் லித்தியம் மாற்றலாம் என்று சொல்லி, எல்எஃப்பிக்கு ஒரு விலை, என்எம்சிக்கு ஒரு விலை சொல்கிறார். எதைப் போடுவது? பழைய சார்ஜரே போதும் என்கிறார், சரியா? (திருப்பூர்)

சார்ஜரில் இருந்து ஆரம்பிக்கிறேன், ஆபத்து அங்கேதான் இருக்கிறது. பழைய சார்ஜர் வேண்டவே வேண்டாம். 12 வோல்ட் ஆசிட் பேட்டரியை நிரப்ப சார்ஜர் ஏறக்குறைய 14.7 வோல்ட் வரை ஏற்றும், நான்குக்குச் சேர்த்து 58.8. ‘48 வோல்ட்’ என்று விற்கும் என்எம்சி பேக்கில் பெரும்பாலும் 13 செல்கள் வரிசையாக இருக்கும், ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட்தான் உச்சம், ஆக மொத்தம் 54.6. அதன்மேல் 58.8-ஐத் தள்ளினால் ஒவ்வொரு செல்லும் நாலரை வோல்ட்டை எட்டும், அது தீக்கு வழி. பேக்குக்குள் செல்களைக் கண்காணிக்கும் காவல் சர்க்யூட்டான பிஎம்எஸ் தடுத்துவிடும் என்பார்கள். தடுக்கும், அது ஒழுங்காக வேலை செய்கிற வரைக்கும். ஏதாவது தப்பினால் காப்பாற்றத்தான் அதை வைத்திருக்கிறார்கள், தினமும் ராத்திரி சார்ஜரின் வேலையைச் செய்வதற்கு இல்லை. எல்எஃப்பி பேக்கில் 16 செல், ஒவ்வொன்றும் 3.65 வோல்ட், மொத்தம் 58.4. கணக்கு பழைய சார்ஜருக்குக் கிட்டத்தட்ட ஒத்துப்போவதால்தான் மெக்கானிக்குகள் அப்படியே விட்டுவிடுகிறார்கள், வண்டியும் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் ஆசிட் சார்ஜர் நிரம்பிய பிறகும் விடாமல் கொஞ்சம் வோல்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்கும், சில சார்ஜர்கள் தகட்டைச் சுத்தம் செய்கிறேன் என்று விட்டுவிட்டுத் துடிப்பும் அனுப்பும். லித்தியத்துக்கு இரண்டுமே ஆகாது. புது பேக்கோடு அதற்கான சார்ஜரையும் சேர்த்தே விலை பேசுங்கள்.

சரி, எது? உங்கள் வண்டிக்கு எல்எஃப்பி. யோசிக்கவே வேண்டாம். என்எம்சியின் பெரிய பலம் எடை குறைவு, அதே சக்தியை இன்னும் சின்ன இடத்தில் அடைக்கலாம். உங்களுக்கு அந்தப் பிரச்சினையே கிடையாது. 20 ஏஹெச் (ஆம்ப் அவர், அதாவது கொள்ளளவு) ஆசிட் பேட்டரி ஒன்று 7 கிலோ வரும், நான்கும் சேர்ந்து 28 கிலோவை அந்த வண்டி இத்தனை நாள் சுமந்திருக்கிறது. 48 வோல்ட் 30 ஏஹெச் எல்எஃப்பி பேக் அதில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும். அதற்குள் ஏறக்குறைய 1,500 வாட் அவர் சக்தி இருக்கும். உங்கள் வண்டி மாதிரி மெதுவாகப் போகிறவை கிலோமீட்டருக்கு 20, 25 வாட் அவர் சாப்பிடும், எனவே 60 கிலோமீட்டர் தாராளமாக வரும். ஆசிட் பேட்டரியில் எழுதியிருக்கும் 20 ஏஹெச் என்பது பல மணி நேரம் மெதுவாக இறக்கினால் கிடைப்பது. ஸ்கூட்டர் மாதிரி ஒன்றிரண்டு மணி நேரத்தில் உறிஞ்சினால் அவ்வளவு தராது, அடிவரை இறக்கி இறக்கி ஓட்டினால் சில நூறு முறையிலேயே களைத்துவிடும், உங்களுக்கு நடந்திருப்பது அதுதான். நல்ல என்எம்சி செல் 500-ல் இருந்து 1,000 முறை தாங்கும். நல்ல எல்எஃப்பி 2,000-ஐத் தாண்டும். பனியன் கம்பெனி வாசலில் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற வண்டிக்கு இந்த வித்தியாசம் இன்னும் கூடும், சூட்டில் என்எம்சி சீக்கிரம் மூப்படையும். அப்படியென்றால் பெரிய கம்பெனிகள் ஏன் என்எம்சி போடுகின்றன என்று கேட்பீர்கள். அவர்களுக்கு விளம்பரத்தில் போட தூரக் கணக்கு வேண்டும், எடையும் ஏறக்கூடாது. அதற்கு ஏற்றமாதிரி சூட்டைக் கவனிக்கும் அமைப்போடு பேக்கை வடிவமைத்து, சோதனையும் செய்து விற்கிறார்கள். உங்கள் தெரு மெக்கானிக்கிடம் அந்த ஆய்வுக்கூடம் இல்லை, எனவே தப்பு நடந்தாலும் அதிகம் மன்னிக்கிற ரகத்தைத்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும்.

மாற்றிய பிறகு ஒன்று நடக்கும், பயப்படாதீர்கள். டாஷ்போர்டில் இருக்கும் பேட்டரி முள் பொய் சொல்லும். எல்எஃப்பியின் வோல்ட் கடைசி வரை ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நின்றுவிட்டு முடிவில் சட்டென்று விழும், அந்த மீட்டரோ ஆசிட் பேட்டரி படிப்படியாக இறங்கும் கணக்குக்குச் செய்தது. முள் ‘ஃபுல்’ காட்டுவதை நம்பாமல் ஓடின கிலோமீட்டரைப் பாருங்கள். அப்புறம் பில்லில் செல் யார் தயாரித்தது, எத்தனை செல் வரிசை, பிஎம்எஸ் தொடர்ந்து எத்தனை ஆம்ப் தாங்கும் என்று எழுதி வாங்குங்கள். அந்த ஆம்ப் உங்கள் மோட்டாருக்கு மின்சாரம் விடும் கன்ட்ரோலரின் ஆம்பை விட அதிகமாக இருக்க வேண்டும். எழுதித் தர மாட்டேன் என்றால் வேறு கடை.

‘எல்எஃப்பி பேட்டரி எரியாது’ என்று ஷோரூமில் அடித்துச் சொல்கிறார்கள். நம்பலாமா? (ஆம்பூர்)

உங்கள் ஊர்ப்பக்கம் இருந்து இந்தக் கேள்வி வருவதில் ஆச்சரியம் இல்லை. 2022 மார்ச்சில் வேலூரில், வீட்டுக்குள் ராத்திரி சார்ஜில் இருந்த வண்டி எரிந்து, அந்தப் புகையில் தந்தையும் மகளும் இறந்தார்கள்.

‘எரியாது’ என்பது தப்பு. ‘எளிதில் பற்றாது, பற்றினாலும் ஆவேசம் குறைவு’ என்பது சரி. என்எம்சியில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் ஆக்சிஜனோடு அடுக்கடுக்காக இருக்கின்றன. 200 டிகிரியைத் தாண்டும்போது அந்த அடுக்கு குலைந்து ஆக்சிஜனை வெளியே விடும். எரிவதற்கு வேண்டியது எல்லாம் செல்லுக்குள்ளேயே கிடைத்துவிடுவதால், மேலே மணலைக் கொட்டினாலும் அணையாது. எல்எஃப்பி என்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட். இதில் ஆக்சிஜனைப் பாஸ்பரஸ் இறுக்கிப் பிடித்திருக்கிறது, 270 டிகிரி வாக்கில் சூடேறினாலும் அவ்வளவு சுலபமாக விடாது. இந்த மாதிரி பாஸ்பேட், சல்பேட் போன்ற கூட்டு அயனிகளை மின்முனையில் பயன்படுத்தலாம் என்ற யோசனையை 1980-களில் அமெரிக்க விஞ்ஞானி ஜான் குட்எனஃபோடு சேர்ந்து வளர்த்தவர் ஆறுமுகம் மந்திரம், தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்து மதுரையில் படித்து ஐஐடி மெட்ராஸில் முனைவர் பட்டம் வாங்கியவர். 1997-ல் குட்எனஃபின் ஆய்வுக்குழுவில் இருந்து எல்எஃப்பி கட்டுரை வந்தது. 2019-ல் குட்எனஃபுக்கு நோபல் கிடைத்தபோது அவருக்கு 97 வயது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பாக நோபல் உரை நிகழ்த்தியதும் மந்திரம்தான். இது நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டிய விஷயம், போகட்டும்.

ஷோரூம்காரர் சொல்லாமல் விடுவது இதை: இரண்டு ரகத்திலும் உள்ளே இருக்கும் திரவம் எரியக்கூடிய கரைப்பான்தான். எல்எஃப்பி செல் மிஞ்சிச் சூடானால் தீ வராமலே ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் கக்கும், மூடிய அறையில் அது சேர்ந்து ஒரு பொறி பட்டால் வெடிக்கும். எனவே எந்த ரகமாக இருந்தாலும் வீட்டை விட்டு வெளியேறும் வழியில், மாடிப்படிக்கு அடியில், தூங்கும் அறையில் சார்ஜ் போடாதீர்கள். 2022 தீ விபத்துகளுக்குப் பிறகு மின்சார வண்டி பேட்டரிப் பாதுகாப்புக்கான ஏஐஎஸ்-156 விதியைத் திருத்தி, 2022 டிசம்பர் 1, 2023 மார்ச் 31 என இரண்டு கட்டமாகக் கொண்டுவந்தார்கள். அதன்படி சான்று பெற்ற வண்டியா என்று ஷோரூமில் கேளுங்கள். ‘எல்எஃப்பியா’ என்பதை அதற்கு அடுத்து கேட்கலாம்.

இறுதியாண்டு இன்ஜினியரிங் மாணவன். மருதமலை அடிவாரத்தில் இருக்கும் எங்கள் கேம்பஸுக்குள் ஓட்ட எலக்ட்ரிக் ஸ்கேட்போர்டு கட்டுகிறோம், இரண்டு மோட்டார். நண்பன் பாதுகாப்புக்காக எல்எஃப்பிதான் என்கிறான். நான் 21700 என்எம்சி என்கிறேன். யார் சரி? (கோவை)

திருப்பூர்காரருக்குச் சொன்னதை நீங்களும் படித்திருந்தால் குழப்பம் வரும், ஏனென்றால் உங்களுக்கு நான் என்எம்சி பக்கம்.

நண்பன் சொல்வது முட்டாள்தனம் இல்லை. அமெரிக்காவில் ஸ்கேட்போர்டுக்கு மோட்டார் வைத்து பேர் வாங்கிய பூஸ்டட் கம்பெனியின் முதல் பலகைகளில் எல்எஃப்பிதான் இருந்தது, 99 வாட் அவர். பத்து கிலோமீட்டர் போனால் தீர்ந்துவிடும். பிறகு 199 வாட் அவர் பேக் கொண்டுவந்தபோது எல்எஃப்பியை விட்டுவிட்டார்கள். பலகைக்கும் தரைக்கும் நடுவில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று சென்டிமீட்டர் உயரம், கூடவே வேகத்தடையில் உரசக்கூடாது. 21700 என்றால் 21 மில்லிமீட்டர் விட்டம், 70 மில்லிமீட்டர் நீளம், படுக்க வைத்தால் அடங்கும், ஒரு செல்லில் 4-ல் இருந்து 5 ஏஹெச், 3.6 வோல்ட். எல்எஃப்பியில் பரவலாகக் கிடைக்கும் உருளை 26650, விட்டம் 26 மில்லிமீட்டர், கொள்ளளவு மூன்று ஏஹெச் சுற்றி, வோல்ட்டும் 3.2 தான். இடம் அதிகம், சக்தி குறைவு.

ஆனால் என்எம்சி என்று முடிவு செய்துவிட்டால் வேலை முடியவில்லை, பாதிப் பேர் சறுக்குவது இதற்கு அப்புறம்தான். செல் வாங்கும்போது ஏஹெச்சை மட்டும் பார்க்காதீர்கள், தொடர்ந்து எத்தனை ஆம்ப் தரும் என்று பாருங்கள். சாம்சங் 50ஈ செல் 5,000 எம்ஏஹெச் (அதாவது 5 ஏஹெச்), தாங்குவது 10 ஆம்ப் சுற்றித்தான். மோலிசெல் பி42ஏ 4,200 எம்ஏஹெச், ஆனால் டேட்டாஷீட்டில் 45 ஆம்ப். காகிதத்தில் முதலாவது பெரிதாகத் தெரியும். இரண்டு மோட்டாரும் சேர்ந்து ஏற்றத்தில் 40, 50 ஆம்ப் இழுக்கும்போது, இணையாக இரண்டே செல் வைத்த 50ஈ பேக் வோல்ட் தொங்கி, சூடாகி, பாதி தூரத்தில் மூச்சு வாங்கும். பி42ஏ-வில் 12 வரிசை, 3 இணை, மொத்தம் 36 செல் போட்டால் ஏறக்குறைய 540 வாட் அவர். கிலோமீட்டருக்கு 10, 12 என்று வைத்தாலும் 45 கிலோமீட்டர். கேம்பஸுக்கு இது மிக அதிகம், 2 இணையே போதும், எடையும் பணமும் மிச்சம்.

இப்போது பிரேக். மருதமலை அடிவாரம் என்றதும் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். உங்கள் பலகையில் பிரேக் என்பது மோட்டாரே, அது சரிவில் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்பித்தான் வேகத்தைக் குறைக்கிறது. ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு நிறைந்த பேட்டரியோடு காலையில் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் மின்சாரம் போக இடம் இல்லை. பிஎம்எஸ் ‘ஓவர் சார்ஜ்’ என்று துண்டிக்கும், அந்த நொடியே பிரேக் காணாமல் போகும். இதனால்தான் பலகை கட்டுகிறவர்கள் பெரும்பாலும் பிஎம்எஸ்ஸை சார்ஜ் பாதையில் மட்டும் வைத்துவிட்டு, ஓடும்போது பேட்டரி தாழ்ந்துவிடாமல் பார்க்கும் வேலையை மோட்டார் கன்ட்ரோலருக்கே விடுகிறார்கள். அப்படிச் செய்தாலும் இறக்கத்தில் கிளம்புவதாக இருந்தால் சார்ஜை செல்லுக்கு 4.1 வோல்ட்டோடு நிறுத்துங்கள். ஹெல்மெட் பற்றித் தனியாகச் சொல்ல மாட்டேன்.

அடுத்து, வளைகிற பலகை வேண்டாம். பலகை வளைந்தால் உள்ளே ஸ்பாட் வெல்டிங் செய்த நிக்கல் பட்டையும் வளையும், வளைந்து வளைந்து ஒரு நாள் அறும். கட்டாயம் வளைய வேண்டும் என்றால் செல் கட்டுகளுக்கு நடுவில் பட்டைக்குப் பதிலாக சிலிக்கோன் உறை போட்ட ஒயர். செல்லின் பாசிட்டிவ் முனையைச் சுற்றி காப்புத்தாள் வளையம் ஒட்டாமல் ஒரு செல்லும் உள்ளே போகக் கூடாது. உருளை செல்லின் உடம்பு முழுக்க நெகட்டிவ், மூடி மட்டும் பாசிட்டிவ், ஓரத்தில் இரண்டையும் மறைப்பது மெல்லிய பிளாஸ்டிக் உறை மட்டுமே, தார் ரோட்டு அதிர்வில் பட்டை உரசி உறை கிழிந்தால் நேரடி ஷார்ட். செல்லில் நேரடியாக சால்டரிங் வைக்காதீர்கள். வெல்டிங் மிஷின் இல்லையென்றால் வேலை தெரிந்தவரிடம் கொடுத்துக் கட்டுங்கள், அதில் கௌரவக் குறைச்சல் இல்லை. ஓட்டுவது கேம்பஸோடு இருக்கட்டும்.

டிரோன் பறக்கவிடும் தம்பியிடம் பழைய லிப்போ பேக்குகள் இருக்கின்றன. சைக்கிளுக்குப் போடலாமா? (மதுரை)

வேண்டாம். லிப்போ, அதாவது லித்தியம் பாலிமர், அபாரமாக ஆம்ப் தரும், ஆனால் பிஎம்எஸ் இல்லாமல், மெல்லிய பைக்குள், யாராவது பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டே சார்ஜ் செய்வதற்கென்று விற்கப்படுவது. நூறு இருநூறு முறையில் உப்பத் தொடங்கும். பழையது என்று வேறு சொல்கிறீர்கள். உப்பியது ஒன்று இருந்தாலும் தம்பியிடம் சொல்லி இன்றைக்கே வீட்டை விட்டு வெளியே எடுக்கச் சொல்லுங்கள்.

ஸ்கார்பரோவில் இ-பைக்கில் சாப்பாடு டெலிவரி செய்கிறேன். குளிர்காலத்தில் பேட்டரி பாதிகூட வருவதில்லை. எல்எஃப்பிக்கு மாறினால் சரியாகுமா? (டொராண்டோ)

இன்னும் மோசமாகும். குளிரில் எல்எஃப்பி என்எம்சியை விட சோம்பேறி. ஓட்டுவதால் மட்டும் பேட்டரி கெட்டுப்போகாது, தூரம்தான் குறையும், சூடானதும் திரும்பி வரும். கெடுப்பது சார்ஜ். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் செல்லை சார்ஜ் செய்தால் லித்தியம் உள்ளே நுழைய முடியாமல் கிராஃபைட் மேல் உலோகமாகப் படியும், அது திரும்ப வராது, படிந்து படிந்து உள்ளுக்குள் ஷார்ட் ஆகவும் வழி செய்யும். பேட்டரியை உள்ளே கொண்டுவந்து இரண்டு மணி நேரம் வைத்து, சில்லென்று இருப்பது போன பிறகே சார்ஜரை மாட்டுங்கள். குளிருக்கென்றே பிறந்த ரகம் ஒன்று உண்டு, லித்தியம் டைட்டனேட், டோஷிபா செய்கிறது, ஆயிரக்கணக்கான முறை தாங்கும். ஆனால் ஒரு கிலோவுக்கு உங்கள் பேட்டரியில் பாதி சக்திகூட வராது, சைக்கிளுக்கு அந்த எடை கட்டாது.

உங்கள் விஷயத்தில் எனக்கு ரசாயனத்தை விட பெரிய கவலை அடுக்குமாடியில் சார்ஜ் போடுவது. நியூயார்க்கில் 2023-ல் மட்டும் லித்தியம் பேட்டரி தீ 268, இறந்தவர்கள் 18 பேர், அங்கே இ-பைக்குக்கு யூஎல் 2849 என்ற பாதுகாப்புச் சான்று இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டமே போட்டார்கள். உங்கள் ஊரில் 2023-ன் கடைசி நாளில் சப்வே ரயிலுக்குள் இ-பைக் எரிந்தது, அதற்குப் பிறகுதான் நகரப் போக்குவரத்து நிறுவனமான டிடிசி குளிர்கால மாதங்களில் இ-பைக்கை ஏற்றத் தடை கொண்டுவந்தது. அதே சான்று பெற்ற இ-பைக், அதோடு வந்த என்எம்சி பேட்டரி, அந்த பைக் கம்பெனியின் சொந்த சார்ஜர், இதற்கு மேல் உங்களுக்குப் புதுமை எதுவும் வேண்டாம். டெலிவரிக்கு தூரம் போதவில்லை என்றால் அதே கம்பெனியின் இரண்டாவது பேட்டரி வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று பெயர் தெரியாத ‘அதே மாதிரி’ பேட்டரியை மாட்ட வேண்டாம்.

போன மழையில் வண்டி பேட்டரி மட்டத்துக்கு மேல் தண்ணீரில் நின்றது. காய்ந்துவிட்டது, ஸ்டார்ட்டும் ஆகிறது. சார்ஜ் போடலாமா? (வேளச்சேரி)

ஸ்டார்ட் ஆவதால் பேட்டரி நல்லா இருக்கிறது என்று அர்த்தம் இல்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது உங்கள் பக்கம் நின்ற தண்ணீர் சுத்தமான மழைநீரா? சாக்கடை கலந்து உப்பும் கழிவுமாக இருந்தது. அந்த மாதிரித் தண்ணீர் பேக்குக்குள் புகுந்தால் செப்பையும் நிக்கலையும் மெதுவாக அரிக்கும், பிஎம்எஸ் போர்டில் பச்சை பூக்கும், ஷார்ட் ஆவது வாரக்கணக்கில் கழித்துக்கூட நடக்கலாம். சார்ஜ் போடாதீர்கள், ஓட்டாதீர்கள். கழற்ற முடிகிற பேட்டரி என்றால் கழற்றி வீட்டுச் சுவரில் இருந்து தள்ளி வெளியே வையுங்கள், சர்வீஸ் சென்டரைக் கூப்பிட்டு ‘தண்ணீரில் மூழ்கியது’ என்ற வார்த்தையை மறைக்காமல் சொல்லுங்கள். வாரண்டி போய்விடும் என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். செத்துப்போன பேட்டரியைக் காயலான் கடைக்குப் போடாதீர்கள், 2022 பேட்டரி கழிவு விதிகளின்படி திரும்ப வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பு தயாரித்தவருடையது.

எப்போதும் 80 சதவீதத்தோடு சார்ஜை நிறுத்த வேண்டுமா? (சேலம்)

என்எம்சி என்றால் முடிந்தபோது நிறுத்துங்கள். அதை மூப்பாக்குவது நிறைந்த நிலையில் சூட்டில் சும்மா கிடப்பது, ஏப்ரல் மாதத்து சேலம் வெயிலில் நூறு சதவீதத்தோடு நிறுத்தி வைப்பதுதான் மோசம். நாளைக்கு நெடுந்தூரம் போக வேண்டும் என்றால் நூறு போட்டுவிட்டு உடனே கிளம்புங்கள், ஒன்றும் ஆகாது. எல்எஃப்பி என்றால் வாரம் ஒருமுறையாவது முழுக்க நிரப்புங்கள். வோல்ட் நடுவில் ஏறாமல் இறங்காமல் இருப்பதால் பிஎம்எஸ்ஸுக்கு எந்த செல் பின்தங்கியிருக்கிறது என்று தெரிவதே உச்சியில்தான், அங்கே போகவிடாமல் வைத்திருந்தால் மீட்டரும் தப்பாகும், செல்களும் ஏறுக்குமாறாகும். வண்டி வந்து நின்றதும் சூட்டோடு சார்ஜ் போடாமல் அரை மணி ஆறவிடுவது இரண்டுக்கும் பொது.

ஆன்லைனில் 9,900 எம்ஏஹெச் 18650 செல் மிகக் குறைந்த விலைக்கு வருகிறது. வாங்கலாமா? (நாகர்கோவில்)

அப்படி ஒரு செல் உலகத்தில் இல்லை. 18650 அளவில் (18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம்) நல்ல கம்பெனிகள் வழக்கமாக விற்பதே 3,500 எம்ஏஹெச் சுற்றித்தான். மேலே எழுதியிருப்பது வெறும் அச்சு, உள்ளே பழைய லேப்டாப்பில் இருந்து உரித்த செல்லுக்குப் புது உறை போட்டிருப்பார்கள்.

சோடியம் பேட்டரி வருகிறதாமே, அதுவரை காத்திருக்கலாமா? (தஞ்சாவூர்)

சீனாவில் சோடியம் ஸ்கூட்டர்கள் 2025-லேயே விற்பனைக்கு வந்துவிட்டன. இங்கே ரிலையன்ஸ் இங்கிலாந்தின் சோடியம் பேட்டரி நிறுவனமான ஃபாரடியானை வாங்கி வைத்திருக்கிறது. குளிரைத் தாங்கும், லித்தியம் வேண்டாம், பூஜ்ஜியம் வோல்ட்டுக்கு இறக்கிக்கூட லாரியில் அனுப்பலாம். ஆனால் எடைக்கான சக்தியில் இப்போதைக்கு எல்எஃப்பியையே எட்டிப் பிடிக்கப் பார்க்கிறது, மேலும் நிறைந்ததற்கும் தீர்ந்ததற்கும் நடுவில் வோல்ட் ஏறக்குறைய பாதியாக இறங்கும் என்பதால் பழைய வண்டியின் கன்ட்ரோலரோடு ஒத்துப்போகாது. புது வண்டியாக வரும்போது பார்க்கலாம், இருக்கிற வண்டிக்கு மாற்றிப் போட என்றால் காத்திருக்க வேண்டாம்.

ஸ்கேட்போர்டை விமானத்தில் ஊருக்குக் கொண்டுவரலாமா? (சிங்கப்பூர்)

பேட்டரி 100 வாட் அவருக்குள் என்றால் பொதுவாக விதி அனுமதிக்கிறது, 100-ல் இருந்து 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும், அதற்கு மேல் கிடையாது. கழற்றிய பேட்டரி கைப்பையில் மட்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. சில நிறுவனங்கள் வாட் அவர் எவ்வளவு என்று பார்க்காமலே மோட்டார் பலகைகளை மொத்தமாக மறுக்கின்றன, டிக்கெட் போடும் முன்பே கேட்டுவிடுங்கள். இன்றைய பலகைகள் பெரும்பாலும் 160-ஐத் தாண்டியவை, உங்களுடையதில் எவ்வளவு என்று அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பாருங்கள். வோல்ட்டும் ஏஹெச்சும் மட்டும் போட்டிருந்தால் இரண்டையும் பெருக்கிக்கொள்ளுங்கள்.